தியோடரின் அகலம்

ஓட்ஸ் கஞ்சியில் நாலு மிளகைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் யார் வேண்டுமானாலும் சாப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் சாப்பிட்டார். நான் அவரைப் பட்டினி போட்டேன் என்று ரிச்சர்ட்ஸ் டவுனில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இன்ஸ்பெக்டர் சார், அது சுத்தப் பொய். வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டேன். அளவாகப் போட்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் பெட்டியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அது சவப்பெட்டி. என் மாமனார் தனக்காகச் செய்துகொண்டது. அவர் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், குச்சி மாதிரி ஒல்லி, யாரையும் நம்ப மாட்டார். தான் போனபிறகு பிள்ளை ஏதாவது மட்ட மரத்தில் தன்னைப் போட்டுப் புதைத்துவிடுவான் என்று அவருக்குப் பயம். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது அதன் தேக்கு உத்தரங்களை வாங்கினார். ஜோகுபாளையத்திலிருந்து முனியப்பன் என்ற ஆசாரியை வரவழைத்தார். வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்துத் தன்னையே அளவெடுக்கச் சொன்னார். முனியப்பனும் மனசு வைத்துச் செய்தார். மூடியை மூடினால் நடுவில் ஒரு நூல்கூட நுழையாது. நான் மருமகளாக வந்த வருஷம் அது.

பெட்டி வந்த அன்று குடும்ப ஜெபத்தில் மாமனார் சொன்னார்: "இந்தப் பொட்டி இந்த வீட்டு ஆளோடதான் வெளியே போகணும். காலியா வாசப்படி தாண்டக் கூடாது." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். புது மருமகள் வேறென்ன சொல்வாள்?

ஆனால் அவர் செத்தது கோலார் தங்கவயலில், தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்தில். தொண்ணூற்றொன்று டிசம்பர். உங்களுக்கே தெரியும், காவிரிக் கலாட்டா. பஸ்ஸை எரிக்கிறார்கள், ஊரெல்லாம் கர்ஃப்யூ, தமிழ் பேசவே பயந்துகொண்டு வீட்டுக்குள் கிடக்கிறோம். உடம்பை யார் கொண்டுவருவது? அங்கேயே ஏதோ ஒரு பெட்டியில் அடக்கம் செய்துவிட்டார்கள். தேக்குப் பெட்டி எங்களோடு நின்றுவிட்டது.

எங்கள் வீடு சின்னது. ஸ்டோர் ரூமில் ஈரம். ஈரத்தில் தேக்கு கெட்டுவிடும் என்று என் வீட்டுக்காரர் தியோடர் அதைச் சாப்பிடுகிற ஹாலில், ஜன்னலை ஒட்டிப் போட்டார். நான் லேஸ் வைத்து ஒரு உறை தைத்து மூடினேன். அதன்பிறகு பதினாறு வருஷம் அதன்மேல் உட்கார்ந்துதான் காய் நறுக்கினேன், துணி மடித்தேன், டிவி பார்த்தேன். எனக்கு அதில் பயமெல்லாம் கிடையாது. இடம் அடைத்துக்கொள்கிறதே என்ற எரிச்சல்தான்.

சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது. லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில், வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம், பிறகு டீ. ஒரு தடவை எங்கள் வீட்டில் நடந்தது. சங்கச் செயலாளர் தமயந்தி அக்கா டீ கப்போடு பெட்டிமேல் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு, "நோரா, திவான் நல்லா இருக்கும்மா, சிவாஜிநகர்லயா எடுத்த?" என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? உறையைத் தூக்கிக் காட்டி, "திவான் இல்லக்கா, எங்க அப்பா பொட்டி" என்றார், பெருமையாக. டீ முழுக்க அக்காவின் பட்டுப்புடவையில்.

அதற்கப்புறம் என் வீட்டு முறை வரும்போதெல்லாம் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. "உனக்கு எதுக்கும்மா சிரமம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார்கள். கட்லெட் மட்டும் நான் செய்து எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். என்னை ஒதுக்கினார்கள், சார். அது எனக்கு வலித்தது. இப்போது சொல்லும்போதும் வலிக்கிறது. எனக்கென்று நகை கேட்டேனா, கார் கேட்டேனா? அந்த ஜன்னலோரத்தில் ஆறு பேர் உட்காரும் ஒரு சாப்பாட்டு மேஜை போட வேண்டும், அந்தப் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து என் கையால் டீ குடிக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

பெட்டியை விற்கலாம் என்றேன். தியோடர் அழுதார். சர்ச்சுக்குக் கொடுக்கலாம் என்றேன். "அப்பா வார்த்தைம்மா" என்று மறுபடியும் அழுதார். உடைத்து அலமாரி செய்யலாம் என்று சொன்ன அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு வேளைதான்.

ஏனென்றால் தியோடர் குண்டு. சாதாரணக் குண்டு இல்லை. ஃபேக்டரியில் வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டில் உட்கார்ந்தபிறகு பன்றிக்கறியும் பிரியாணியும் அவரை அகலவாக்கில் வளர்த்துவிட்டன. போன வருஷம் ஈஸ்டர் முடிந்து டாக்டர் அனந்தலக்ஷ்மியிடம் கூட்டிப்போனேன். அந்தம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், ஒண்ணும் பாக்கி இல்ல. இப்படியே போனா ரொம்ப நாள் தாங்க மாட்டாரு" என்றார்கள்.

எனக்குப் பகீரென்றது. எதற்கு என்பதையும் மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். உள்ளே அகலம் இருபது அங்குலம். தரையில் படுத்துத் தூங்கும்போது டேப் வைத்துப் பார்த்தேன், அவர் இருபத்தேழு. இந்த மனுஷன் இப்படியே போய்விட்டால் வேறு அகலமான பெட்டி வாங்குவார்கள், அதில் போய்விடுவார். தேக்குப் பெட்டி என்னோடு காலத்துக்கும் கிடக்கும். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இந்த வீட்டு ஆள் என்றால் அவரும் நானும்தான். நீயே அதில் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் போய்விட்டால் மேஜையில் டீ ஊற்றுவது யார்?

ஆகவே அவர் சாவதற்குள் இளைக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், எந்தப் பெண்சாதியும் புருஷன் இளைக்க வேண்டும் என்றுதானே நினைப்பாள்.

மாடியில் எங்கள் வாடகைக்காரர் இளங்கோவன் இருக்கிறார். வாணியம்பாடிப் பக்கம், சாஃப்ட்வேர் வேலை, காற்றடித்தால் பறக்கிற உடம்பு. அவரிடம் என்னப்பா தினமும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய் என்று கேட்டேன். டிரையத்லான் என்றார். கடலில் நீந்த வேண்டும், ஈரத்தோடு ஏறி சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி ஓட வேண்டும். நடுவில் உட்காரக் கூடாது.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"சும்மாதான் ஆன்ட்டி."

"ஆளு இளைப்பாங்களா?"

"இளைக்கறதா? எலும்பும் தோலுமா ஆயிடுவாங்க. நீங்க வேற."

"அப்ப அங்கிளையும் சேத்துக்கோ" என்றேன்.

தியோடரைக் கிளப்ப ரொம்பப் பாடுபடவில்லை. "இளங்கோ கூட போயி பழகறீங்களான்னு கேக்கலாம்னு இருந்தேன். அப்புறம் பாத்தா, உங்களால எங்க முடியப் போகுது" என்றேன். அவருக்கு ரோஷம் மூக்கு நுனியில். மறுநாளே அரைக்கால் சட்டை வாங்கிவந்தார். அல்சூர் ஏரியை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, "ஃபுல் பேஜாரும்மா, உயிரு போச்சு" என்று பெட்டிமேல் விழுந்தார். நான் விசிறிவிட்டேன். அன்றைக்கு உயிர் போகக் கூடாதே என்று நிஜமாகவே கர்த்தரை வேண்டிக்கொண்டேன். இருபத்தேழு அங்குலத்தில் போய் என்ன பிரயோஜனம்?

இளங்கோவன் கம்ப்யூட்டரில் பார்த்து ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். திங்கள் நீச்சல், செவ்வாய் ஓட்டம், ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொசகோட்டை வரைக்கும் சைக்கிள். ராகி, முளைகட்டிய பயறு, வேகவைத்த கோழி. எல்லாரும் கிலோ கணக்குப் பார்த்தார்கள், நான் அங்குலம் பார்த்தேன். சனிக்கிழமை தோறும் அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கையை ஒட்டி வைக்கச் சொல்லி அளந்தேன். "ஃபாரின்ல இப்படித்தான் அளப்பாங்களாம்" என்றேன். இளங்கோவன்கூட, "ஆன்ட்டி ரொம்ப சயின்டிஃபிக்" என்று மெச்சினார்.

அளவு குறைந்தது. இருபத்தைந்து, இருபத்து நாலு. நான் சிவாஜிநகரில் கடைக்குப் போய் மேஜையைப் பார்த்துவைத்தேன். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை அளந்தால், கூடியிருந்தது. வயிறு உள்ளே போயிருந்தது, ஆனால் தோள் வெளியே வந்துவிட்டது. இளங்கோவனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஸ்விம்மிங் பண்ணா ஷோல்டர் விரியும் ஆன்ட்டி. நல்லதுதான்."

"என்னத்த நல்லது? நீச்சலக் குறை. ஓட்டத்தக் கூட்டு."

"ஐயோ ஆன்ட்டி, ஸ்விம்மிங்க குறைச்சா கடல்ல என்ன பண்ணுவாரு?"

"அதை அப்ப பாத்துக்கலாம்ப்பா. எனக்குத் தோளு கூடாது" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெண்களுக்கு ஆண்கள் உடம்பில் இப்படி ஒரு ருசியா என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். நீச்சல் வாரம் ஒரு நாளாக ஆனது. கப்பன் பார்க்கில் ஓட்டம் கூடியது. கோழியை நிறுத்தி வெள்ளரிக்காய் கொடுத்தேன். தோள் மெல்ல மெல்ல வடிந்தது.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தியோடருக்கு இது பிடித்துப்போனது. காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே எழுந்தார். மாடிப்படியில் குதித்து இறங்கினார். டிசம்பரில் மறுபடி டாக்டரிடம் போனோம். அனந்தலக்ஷ்மி அம்மா ஈ.சி.ஜி. காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இது இருபத்தஞ்சு வயசுப் பையன் ஹார்ட்டு. உங்களுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும் நோரா. தொண்ணூறு வரைக்கும் நான் கேரண்டி."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அந்தம்மா எழுந்து வந்து கட்டிக்கொண்டார்கள். தொண்ணூறு என்றால் இன்னும் முப்பத்து மூணு வருஷம், சார். அதுவரைக்கும் அந்த ஜன்னலோரம் எனக்குக் கிடையாது. அழாமல் என்ன செய்வேன்?

போட்டி பிப்ரவரி தொடக்கத்தில், மெட்ராஸ் தாண்டி ஒரு கடற்கரையில். கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு சைக்கிள், இருபத்தொன்று ஓட்டம். உண்மையைச் சொல்கிறேன், நான் கடலை நம்பியிருந்தேன். நீச்சல்தான் குறைத்தாயிற்றே. அவர் அளவும் அப்போது பத்தொன்பதரைக்கு வந்திருந்தது. அலைக்குள் போனவரைக் கண்ணுக்குத் தெரிகிறவரை பார்த்துக்கொண்டு மணலில் நின்றேன். என் மனசில் ஒரு நிம்மதி இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் உப்புத் தண்ணீர் ஆளைத் தானாகவே தூக்கி மிதக்கவிடுமாம். எனக்கு அது தெரியாது. எல்லாருக்கும் கடைசியாக, ஆனால் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். சைக்கிள் மிதித்தார், ஓடினார், முடித்தார். கழுத்தில் மெடல் போட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தது நான்தான்.

திரும்பிவந்தபிறகு மெடலைக் கழற்றவே இல்லை. குளிக்கும்போதுகூட. "அடுத்த வருஷம் இதுல டபுள் இருக்கு, அது பண்றேன். அதுக்கப்புறம் உன்ன ரெடி பண்றேன் நோரா. நீதான் இப்ப பெருத்துட்ட" என்றார். அதற்காகக் கோபப்பட்டு நான் எதுவும் செய்யவில்லை. அதை நீங்கள் எழுதவே தேவையில்லை.

லெந்து வந்தது. தமயந்தி அக்கா போன் பண்ணினார்கள். ஒரு வீட்டில் பெயின்டிங் வேலை, அந்த வாரம் கூட்டத்துக்கு இடமில்லை, என்ன பண்ணுவதென்றே தெரியவில்லை என்று புலம்பினார்கள். என்னைக் கேட்கவில்லை, வெறுமனே புலம்பினார்கள். என் வாய் தானாகவே, "நம்ம வீட்ல வைங்கக்கா. இந்தத் தடவை அந்தப் பொட்டி இருக்காது. டேபிள் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எத்தனையோ வருஷம் கழித்து என்னை "கண்ணு" என்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? மறுநாளே போய் மேஜைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். வியாழக்கிழமை கூட்டம், புதன்கிழமை மேஜை வரும்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்தது. வாராந்திர அளவு எடுக்கிற நேரம். டேப்பைக் காணோம் என்றேன். "பொட்டியிலயே படுத்துப் பாருங்களேன், அளவு தெரிஞ்சிடும்" என்றேன். வேறு மனுஷனாக இருந்தால் யோசிப்பான். அவர் சந்தோஷமாக உறையை உருவிப் போட்டு, மூடியைத் தூக்கி, மெடலோடு ஏறிப் படுத்தார்.

"பாத்தியா நோரா! ரெண்டு பக்கமும் கேப்பு இருக்குது. விரல விட்டுப் பாரு, விட்டுப் பாரு. எங்க அப்பாவுக்குக்கூட இவ்ளோ லூசா இருந்திருக்காது."

விரலை விட்டுப் பார்த்தேன். கனகச்சிதம். ஒரு வருஷம் அரைத்ததும் அவித்ததும் அளந்ததும் வீண் போகவில்லை என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. தையல்காரி தான் தைத்த சட்டையை ஆள்மேல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவரும் படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். மூக்கு இடிக்கிறதா பார்க்கலாம் என்று மூடியை மூடினேன். இடிக்கவில்லை. பித்தளைக் கொக்கியை மாட்டினேன். அப்புறம் வழக்கம்போல அதன்மேல் உட்கார்ந்தேன்.

முதலில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "நோரா, மேல ஒக்காந்திருக்கியா? எந்திரிம்மா, இருட்டா இருக்கு." பிறகு தட்டினார். கை மடக்க இடமில்லாததால் பலமாகத் தட்ட முடியவில்லை. பீன்ஸ் இருந்தது, நார் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் என் பகுதியைப் பாடிப் பார்த்துக்கொண்டேன், அவர் சத்தம் அக்கம்பக்கத்தில் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று. "கர்த்தரே, நோரா, கர்த்தரே, நோரா" என்று மாறி மாறிக் கூப்பிட்டார்.

நான் நினைத்ததைவிட நேரமாகிவிட்டது. பழைய தியோடராக இருந்தால் சட்டென்று முடிந்திருக்கும். இளங்கோவன் அவருக்கு மூச்சு அடக்கப் பழக்கியிருந்தார், நான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணியிருந்தேன். அவர் அவ்வளவு சிரமப்பட்டதில் என் தப்பும் கொஞ்சம் இருக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். பீன்ஸ் முடிந்து, கேரட்டும் நறுக்கியான பிறகு சத்தம் நின்றது. நான் எழுந்து சட்டியை அடுப்பில் வைத்தேன்.

சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டு, தன் அப்பாவின் பெட்டியில் படுத்துப் பார்க்க ஆசைப்பட்டார், படுத்த இடத்தில் ஹார்ட் நின்றுவிட்டது என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். தமயந்தி அக்கா, "எவ்ளோ பொருத்தமா இருக்குது பாரேன்" என்று கண்ணைத் துடைத்தார்கள். டாக்டர் அனந்தலக்ஷ்மி மட்டும் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டார்கள். "இந்த ஹார்ட்டா? நிக்கவே நிக்காது. நானே பாத்திருக்கேன்" என்று சொல்லி உங்களுக்கு போன் பண்ணியது அவர்கள்தான். பாடுபட்டு அவரை ஆரோக்கியமாக்கியது நான், சார். அதற்குக் கிடைத்த கூலி இது.

இப்போது பெட்டி உங்கள் ஸ்டேஷன் பின்பக்கம் கிடக்கிறது. அவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொண்டுபோய், ஏதோ ஒரு மாமரப் பெட்டியில் அடக்கம் செய்தார்களாம். கேஸ் முடிந்ததும் சாட்சிப் பொருளை உரிய வீட்டுக்கே திருப்பி அனுப்புவோம் என்று உங்கள் ரைட்டர் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. தயவுசெய்து அனுப்பாதீர்கள். என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே போடுங்கள், அதை மட்டும் அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

அவர் உள்ளே உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துதான் உட்கார்ந்தாயா என்று கேட்டீர்கள். ஆமாம், தெரிந்துதான் உட்கார்ந்தேன். கொக்கி மாட்டியதும் நான்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கூடவே இதையும் எழுதுங்கள். கடலில் நீந்தி, அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து, அதற்குமேல் ஓடியும் வந்த மனுஷன் அவர். நிஜமாகவே வெளியே வர நினைத்திருந்தால், ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிற மூடியை அவரால் தள்ள முடியாதா? எனக்கு அந்த மேஜை எவ்வளவு முக்கியம் என்று அவருக்குக் கடைசியில் புரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.